சீர்த்தட்டில் வைத்த விலை

"ஒரு பிஸ்கட்டு நூத்தி நாப்பது ரூபாயா? ஏத்தா, மாவுல தங்கத்த இழைச்சுப் போடுவியோ?"

சாவித்திரியின் குரல் ஸ்பீக்கரில் வந்து ஜனக்புரி வீட்டு அடுக்களையை நிறைத்தது. பிரபாவின் கையில் சர்க்கரைக் குழைவு நிரப்பிய ஐசிங் பை இருந்தது. அதைக் கீழே வைத்தால் முனை காய்ந்துவிடும் என்பதால் போனைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டுதான் பேசினாள். பேசினாள் என்று சொல்வதே தப்பு. சாவித்திரி அழைத்தால் எதிராளி பேசுகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

சாவித்திரி, பிரபாவின் கணவன் ஜெயபாலுக்கு அக்கா. ஒரே அக்கா. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து முதலில் டெல்லிக்கு வந்தவள். கோல் மார்க்கெட் அரசாங்கக் குடியிருப்பில் இருபத்தைந்து வருஷம் ராஜாங்கம் நடத்திவிட்டு, இப்போது துவாரகாவில் சொந்த வீட்டில் நடத்துகிறாள். அவளுடைய மகள் மதுவுக்குத் தை மாதக் கடைசியில் வளைகாப்பு. வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்ப வளையல், தொட்டில், குட்டிப் பாதம் என்று வடிவம் வடிவமாகச் செய்து மேலே ஐசிங்கில் படம் வரைந்த குக்கீஸ் நூற்றைம்பது வேண்டும் என்று அவளே கேட்டாள். பிரபா விலை சொன்னாள். அதற்குத்தான் இந்தப் பூஜை.

"மதினி, வெளிய எல்லாருக்கும் இதே ரேட்டுதான்."

"வெளியாளுக்கும் எனக்கும் ஒரே ரேட்டா? அப்ப நான் வெளியாளா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி மீண்டவர்கள் தமிழ்நாட்டிலும் இல்லை, டெல்லியிலும் இல்லை. பிரபா அடுத்த குக்கீஸின் மேல் ஐசிங் பையை அழுத்தினாள். சாவித்திரி இன்னும் கொஞ்ச நேரம் ஆடித் தீர்த்துவிட்டு, "என் தம்பிகிட்டப் பேசிக்கிறேன்" என்று வைத்தாள்.

தம்பி கூடத்தில்தான் இருந்தான். ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை, தலையில் குரங்குக் குல்லாய். தலைக்கு நேர் மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. டெல்லி ஜனவரியில் ஃபேன் போட்டுக்கொண்டு உட்காருவதற்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும், அல்லது வீட்டில் ஐசிங் காய வேண்டும். சாப்பாட்டு மேஜை, டீப்பாய், டிவி வைத்த மேடை எல்லாவற்றிலும் பிரபாவின் தட்டுகள் பரவிக் கிடந்தன. வெளியே மூடுபனி, உள்ளே ஈரம். காற்றில்லாவிட்டால் ஒரு நிறம் காய ஒரு பகல் போய்விடும். காய்வதற்குள் அடுத்த நிறத்தை வைத்தால் சிவப்பு வெள்ளையில் இறங்கி, குழந்தைப் பாதம் காயம்பட்ட பாதமாகிவிடும்.

"இந்தக் குளிர்ல ஃபேனு! ஊரு உலகத்துல எவன் வீட்டுலயாச்சும் உண்டா?" என்றான் ஜெயபால். "உன் பிஸ்கட்டுக்காக எனக்கு நிமோனியா வரட்டும்."

ஜெயபால் ஓர் அரசு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறான். எதற்கும் அடக்க விலை போட்டுப் பார்க்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. மாவு இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, வெண்ணெய் இவ்வளவு, கலர் இவ்வளவு என்று விரல் மடக்கி, "முப்பது ரூபா தாண்டாது. நாப்பதுக்கு வித்தா உனக்குப் பத்து ரூபா லாபம். நூத்தி நாப்பது சொன்னா அது வியாபாரமில்ல, வழிப்பறி" என்பான். குக்கீஸ் என்ற சொல்லை அவன் நாக்கு உச்சரித்ததே இல்லை. பிஸ்கட்டுதான்.

பிரபா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஓரம் கட்டுவதற்கு ஒரு பதம், நடுவை நிரப்புவதற்கு ஒரு பதம், பூ வைப்பதற்கு ஒரு பதம், மூன்றும் மூன்று கிண்ணம். ஒன்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடினால் தூரக் கொட்டத்தான் வேண்டும். ஒரு தொட்டில் வரைந்து முடித்து முழுசாகக் காய மூன்று நாள். கை நடுங்கினால் போச்சு. ஓவன் கரண்டு, உடைந்து போகிறது, இடுப்பு வலி. "இதெல்லாம் எந்தக் கணக்குல வரும்?" என்று கேட்டால், "வீட்டுல சும்மா இருக்குற நேரம்தானே, அதுக்கென்ன கணக்கு?" என்பான். சும்மா! அந்த ஒரு சொல்லுக்கு அவள் ஐசிங் பையை அவன் குல்லாயின் மேல் பிழிந்திருக்க வேண்டும். பிழியவில்லை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று எந்த மகராசன் சொல்லி வைத்தானோ, அவன் யாருக்கும் பெண்டாட்டியாக வாழ்ந்து பார்த்ததில்லை போலிருக்கிறது.

மேல் மாடிப் பஞ்சாபிக்காரி பேரனின் பிறந்தநாளுக்கு நாற்பது வாங்கினாள். "கித்னா ஹுவா ஜி?" என்று தொகையைக் கேட்டாள், கொடுத்தாள், அவ்வளவுதான். எதிர் பிளாக் வங்காளிப் பெண்ணும் அப்படியே. பேரம் என்று வந்தவர்கள் அத்தனை பேரும் நம்மாட்கள்தான். "நமக்குள்ள என்ன ரேட்டு", "கூட ஒரு பத்து போடேன்", "நீ வீட்டுலதானே செய்யிற". ஆனால் பிரபாவுக்கு நம்மாட்கள்தான் வேண்டும். வருஷம் பூராவும் காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம் என்று விசேஷம் வைக்கிறவர்கள் அவர்கள்தானே. சாவித்திரி வீட்டு விசேஷத்துக்கு டெல்லியில் இருக்கிற ஊர்க்காரர்கள் நூறு குடும்பம் வரும். அங்கே ஒரு விலை நின்றுவிட்டால் அப்புறம் எல்லா வீட்டிலும் அதுதான் விலை. அங்கே சரிந்தால், சரிந்ததுதான்.

அன்று ராத்திரி சாப்பிட்டு எழுந்த ஜெயபால் ஒரு தீர்ப்புச் சொன்னான்.

"இந்தா பாரு பிரபா. ஒரு வருஷமாப் பாத்துட்டேன். அக்கா விசேஷத்துல நீ சொன்ன ரேட்டுக்கு யாராச்சும் மனசாரக் காசு குடுத்தா, நடத்திக்க. நான் வாயே தொறக்க மாட்டேன். வரலேன்னா ஓவனை வித்துட்டு ஏப்ரல்ல அந்த ப்ளே ஸ்கூலுக்கே போயிரு. டீலா?"

ப்ளே ஸ்கூலில் ஆறு வருஷம் ஆயா வேலையும் டீச்சர் வேலையும் சேர்த்துப் பார்த்து, மூக்கு துடைத்து, ஜட்டி மாற்றி, முதலாளியம்மாவிடம் நாய் மாதிரி வசவு வாங்கியவள் பிரபா. அங்கே திரும்பிப் போவதைவிட யமுனையில் இறங்கலாம்.

"டீல்" என்றாள்.

இரண்டு நாள் கழித்து ஜெயபால் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான். அப்போதே அவள் சுதாரித்திருக்க வேண்டும்.

"அக்காகிட்டப் பேசிட்டேன். உன் ரேட்டுக்கே செய்யி. நூத்தம்பதும், ஒண்ணு நூத்தி நாப்பதுதான்."

"மதினி ஒத்துக்கிட்டாங்களா?"

"நான் சொன்னா ஒத்துக்காதா?"

"அட்வான்ஸ்?"

"கூடப் பொறந்தவகிட்டப் போயி அட்வான்ஸ் கேக்கச் சொல்றியா? வெக்கமா இல்ல உனக்கு? காசு விசேஷத்தன்னிக்கு வரும். நீ வேலையப் பாரு."

நம்பினாள். என்ன செய்வது, தாலி கட்டினவன் சொன்னால் இருபது தடவை ஏமாந்தவளும் இருபத்தொன்றாவது தடவை நம்பத்தான் செய்கிறாள். தன் கையிலிருந்த காசையெல்லாம் போட்டு வெண்ணெய் வாங்கினாள். கழுத்து மரத்துப்போகும் வரை குனிந்து வரைந்தாள். கண்ணாடி வளையல் வடிவத்தில் பச்சையும் சிவப்பும், நடுவில் தங்கப்பொடி. தொட்டிலுக்கு மல்லிகைச் சரம். பாதத்துக்கு மருதாணி. ஒவ்வொன்றையும் செலோஃபேன் உறையில் போட்டு மஞ்சள் ரிப்பன் கட்டினாள். ஃபேன் ஓடியது. ஆச்சரியம் பாருங்கள், ஜெயபால் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. குல்லாயை இழுத்து விட்டுக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தான். விசேஷத்துக்கு முந்தின நாள் பெட்டிகளை அவனே காரில் ஏற்றி, "நான் கொண்டுபோயி ஹால்ல வெச்சுட்டு வந்துடறேன், நீ ரெஸ்ட் எடு" என்றான். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அவள் ரெஸ்ட் எடுக்க வேண்டும் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.

ஹால் கோல் மார்க்கெட் பக்கம் மந்திர் மார்கில் இருந்தது. பிரபா பட்டுப்புடவையும் மேலே கோட்டுமாக உள்ளே நுழைந்தபோது நாதஸ்வரத்தை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். மேடையில் நாற்காலி, அதற்கு முன்னால் விரித்த ஜமக்காளத்தில் சீர்த்தட்டுகள் வரிசையாக இருந்தன. பழம், பூ, புடவை, ஸ்வீட். அதில் முதல் வரிசையில் ஏழு பித்தளைத் தாம்பாளங்கள். ஏழிலும் அவளுடைய குக்கீஸ். ரிப்பனைக் கழற்றி எறிந்துவிட்டு, கோபுரம் மாதிரி அடுக்கி, ஓரத்தில் மஞ்சள் கிழங்கும் வெற்றிலை பாக்கும் வைத்து, மேலே குங்குமம் தெளித்திருந்தார்கள். முன்னால் ஒரு அட்டை நின்றது: தாய்மாமன் சீர்.

பிரபாவுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. அட்டையை இன்னொரு தடவை படித்தாள்.

"ஏன் மசமசன்னு நிக்குற? வந்து தட்டை எடுத்துக் குடுக்கணும்ல?" என்று சாவித்திரி வந்தாள். கழுத்தில் நகை, முகத்தில் கடுகடுப்பு. "நல்லா வெச்சீங்க புருஷனும் பொண்டாட்டியும் எனக்கு ஆப்பு."

"மதினி, இது நீங்க ஆர்டர் குடுத்ததுல்ல? எதுக்குச் சீர்த்தட்டுல வெச்சிருக்கு?"

"நல்லா நடிக்கிற. என் சம்பந்தி காதுபட உன் புருஷன் என்ன சொன்னான்? அக்கா பெத்ததும் என் மகதான், மதுவுக்கு ரெண்டு பவுன்ல வளையல் போடறேன்னான். போன வாரம் வந்து நிக்கிறான், 'அக்கா, பவுன் விக்கிற விலையில நம்மால முடியாது, பிரபா செய்யிற பிஸ்கட்டையே சீரா வெச்சுருவோம்'னு. பவுனைச் சொல்லிட்டு பிஸ்கட்டைத் தூக்கிட்டு வர்றவன் தாய்மாமனா? மதிப்பைச் சபையில சொல்லி வைக்கிறதா இருந்தா வையி, இல்லேன்னா வரவே வராதேன்னுட்டேன்."

"அப்ப காசு?"

"என்ன காசு?"

"நூத்தி நாப்பது ரூபா ரேட்டுல நீங்க குடுக்குறதாச் சொன்னாரே."

சாவித்திரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சீருக்கு எவளாச்சும் காசு குடுப்பாளா? ரெண்டு பேரும் பேசி வெச்சு என் தலையில மொளகா அரைக்கிறீங்கன்னுல்ல நெனச்சேன். உன் தலையிலயும்தான் அரைச்சிருக்கானா? நல்லா வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இரக்கம் என்பதெல்லாம் அவளிடம் கிடையாது.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதென்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் கடைக்காரனாவது அயலானாக இருப்பான். இங்கே கட்டினவளின் கழுத்து வலியையும் கைக்காசையும் எடுத்து ஏழு தாம்பாளத்தில் அடுக்கி, மேலே தன் பேரைப் போட்டு வைத்திருந்தான் மனுஷன்.

காபி டிரம்முக்குப் பக்கத்தில் அவனைப் பிடித்தாள்.

"என்னங்க இது?"

"சத்தம் போடாத. விசேஷ வீடு."

"என் குக்கீஸ எடுத்து உங்க பேருல சீர் வைக்க உங்களுக்கு யாரு சொன்னது?"

"என்னடி உன்னுது என்னுது? நம்ம வீட்டுப் பொருளு, நம்ம வீட்டுச் சீரு. வெண்ணெய் உன் காசு, சரி. ஓவன் யாரு காசு? வீடு யாரு வீடு? ரெண்டு பவுனு இன்னிக்கு என்ன விலைன்னு தெரியுமா உனக்கு? அந்தக் காசு வீட்டுக்குத்தான மிச்சம்?"

"என்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

"சொன்னா செஞ்சிருப்பியா?" காபியை உறிஞ்சினான். அப்புறம் சொன்னான் பாருங்கள், அதுதான் அவளை அறுத்தது. "சரி விடு. எப்படியும் உன் ரேட்டுக்கு ஒருத்தரும் காசு குடுக்கல இல்ல? டீலு டீலுதான். ஏப்ரல்ல ஸ்கூலுக்குக் கெளம்பு."

அந்தச் சூடான காபியை அவன் முகத்தில் ஊற்ற வேண்டும் என்று பிரபாவுக்குத் தோன்றியது. நிஜமாகவே தோன்றியது. டம்ளரைப் பார்த்துக்கூட விட்டாள். ஆனால் மேடையில் மது வந்து உட்கார்ந்துவிட்டாள். வயிறும் பிள்ளையுமாக, இரண்டு கை நிறைய வளையல் போட ஆசையோடு, "அத்தை, ஜல்தி வாங்க! குக்கீஸ் இத்னா க்யூட்டா இருக்கு!" என்று கையசைத்தாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண், பேச்சில் பாதி இந்தி. அவளுக்கு இந்தச் சூதெல்லாம் தெரியாது. பிள்ளைத்தாய்ச்சி முன்னால் சண்டை போடக்கூடாது, குங்குமம் தெளித்து வைத்த சீரைத் திரும்ப எடுக்கக்கூடாது. இதெல்லாம் பிரபாவுக்குத் தெரியும் என்பது ஜெயபாலுக்கும் தெரியும். அதை நம்பித்தானே இறங்கியிருக்கிறான்.

"தாய்மாமன் பொஞ்சாதி வந்து மொதத் தட்டைத் தூக்கும்மா!" என்று மைக்கில் கூப்பிட்டார் சந்திரசேகர். சாவித்திரியின் கொழுந்தன். மைக் கையில் கிடைத்தால் விடமாட்டார்.

பிரபா தூக்கினாள். தன் உழைப்பைத் தானே தூக்கி, ஓசியாகக் கொண்டுபோய் வைத்தாள். பக்கத்தில் ஜெயபால் பட்டு வேட்டி சரசரக்க மாப்பிள்ளை மாதிரி நடந்தான். கூட்டம் படம் எடுத்தது.

அவர்கள் ஊர்ப்பக்கம் மொய்யானாலும் சீரானாலும் சபையில் மதிப்பைச் சொல்லாமல் ஆகாது. டெல்லிக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகியும் வேட்டி போனது, பாஷை போனது, அது மட்டும் போகவில்லை. சந்திரசேகர் ஆரம்பித்தார். மாப்பிள்ளை அபினவின் பெரியம்மா காஞ்சிபுரம் பட்டு, மதிப்பு இருபத்தெட்டாயிரம். கைதட்டல். அடுத்து தாய்மாமன். ஜெயபால் அவர் காதில் ஏதோ சொன்னான்.

"தாய்மாமன் ஜெயபால் சீர், இருபத்தோராயிரம் ரூபாய் மதிப்புள்ள..."

சாவித்திரி திரும்பித் தம்பியைப் பார்த்தாள். சம்பந்தி வீட்டு வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரியம்மா இருபத்தெட்டு, தாய்மாமன் இருபத்தொன்றா? ஜெயபாலின் காது சிவந்தது. மைக்கை வெடுக்கென்று வாங்கிக்கொண்டான்.

"தப்பாச் சொல்லிட்டாரு. முப்பதாயிரம். முப்பதாயிரம் ரூபாய்! எல்லாம் கையாலயே வரைஞ்ச டிசைனர் குக்கீஸ். கடையில கெடைக்காது. நூத்தம்பது குக்கீஸ், ஒவ்வொண்ணும் இருநூறு ரூபா!"

கைதட்டல் ஹாலைப் பிளந்தது. சாவித்திரியின் முகம் தெளிந்தது. ஜெயபால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை கத்தி முடித்துவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனது.

முன்வரிசையில் அம்புஜம் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் பெரியம்மா, ஆர்.கே.புரத்துக்காரி. பேரனுக்கு அடுத்த மாதம் காதுகுத்து. குரல் மைக் இல்லாமலேயே கடைசி வரிசைவரை போகும்.

"ஏ பிரபா! எனக்கும் செஞ்சு தருவியா? ரேட்டு என்ன?"

பிரபா கணவனைப் பார்த்தாள். அவன் இன்னும் மைக்கைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான்.

"இப்பத்தான சபையில சொன்னாரு பெரியம்மா. ஒண்ணு இருநூறு."

"அது சீருக்குச் சொல்றது, தெரியாதா எனக்கு? நெச வெல என்ன? அதைச் சொல்லு."

சம்பந்தி வரிசை திரும்பியது. சாவித்திரி வளையல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிரபா ஒரு அடி முன்னால் வந்தாள். பயமில்லை. பதினான்கு வருஷக் கோபம்.

"அவருதான சீர் வெச்சாரு, அவரையே கேளுங்க. ஏங்க, பெரியம்மா கேக்குறாங்கல்ல? சபைக்கு ஒரு வெல, நெசத்துக்கு ஒரு வெலன்னு எதுவும் இருக்கா? இருந்தாச் சொல்லிருங்க."

ஜெயபால் சம்பந்தி வரிசையைப் பார்த்தான். முப்பது ரூபாய் என்று சொன்னால் சீர் இந்த நிமிஷமே நாலாயிரத்து ஐந்நூறாகிவிடும். அவனுக்கா கணக்குத் தெரியாது?

"இருநூறுதான் பெரியம்மா" என்றான்.

"அட போப்பா! மாவு, சீனி, வெண்ணெ. எனக்குத் தெரியாதா? முப்பது ரூபாகூட ஆகாதே!"

அப்படியே அவன் சொல். அவன் கணக்கு. பிரபா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஜெயபாலுக்கு அந்தக் குளிரில் வேர்த்தது. "என்ன பெரியம்மா இப்படிச் சொல்லிட்டீங்க. மாவையும் சீனியையும் பாத்தா ஆச்சா? ஐசிங்கு மூணு பதம் பெரியம்மா. ஓரத்துக்கு ஒண்ணு, நெரப்புறதுக்கு ஒண்ணு, பூவுக்கு ஒண்ணு. ஒரு சொட்டுத் தண்ணி கூடினா மொத்தமும் வீண். மூணு நாளு காயணும். கை நடுங்கினா போச்சு. ஓவன் கரண்டு, ஃபேன் கரண்டு, ஒடைஞ்சது, நெளிஞ்சது. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு ஒடிஞ்சு போகுது. இதுக்கெல்லாம் கணக்கு இல்லையா? இருநூறே கம்மி!"

ஒரு வார்த்தை விடாமல் அத்தனையும் அவளுடையது. வரிசைகூட மாறவில்லை. பிரபா கேட்டுக்கொண்டே நின்றாள். ஜெயித்துவிட்டோம் என்று சந்தோஷம் வரும் என்று பார்த்தால், வரவில்லை. இத்தனை நாளும் மனுஷனுக்குப் புரியவில்லை, மரமண்டை, கணக்குப் பிள்ளை புத்தி என்று நினைத்துத் தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டிருந்தாளே. புரியாமல் இல்லை. எல்லாம் புரிந்திருக்கிறது. புரிந்துகொண்டேதான் முப்பது ரூபாய் என்று தினம் தினம் சொல்லியிருக்கிறான்.

அம்புஜம் பெரியம்மா கன்னத்தில் கைவைத்தாள். இந்தப் பக்கம் சாவித்திரி, அந்தப் பக்கம் சம்பந்தி. சாவித்திரி வீட்டில் இருநூறு ரூபாய்க் குக்கீஸ் வைத்து, தன் பேரன் காதுகுத்தில் வைக்காமல் விட்டால் ஊர் என்ன சொல்லும்?

"சரி, அறுவது போடு. கொறச்சுப் போடு."

"எண்ணிக்கையைக் கொறச்சுக்கலாம் பெரியம்மா. ரேட்டைக் கொறைக்க முடியாது. பாதிப் பணம் முன்னாடி வந்துரணும்."

"கொழுப்பைப் பாரு இவளுக்கு!" என்றாள் அம்புஜம் பெரியம்மா. என்றாலும் கைப்பையைத் திறந்தாள். பின்வரிசையில் மதுவின் குருகிராம் சிநேகிதிகள் இரண்டு பேர் நம்பர் கேட்டார்கள். சாவித்திரி மட்டும் வளையல் போடுகிற சாக்கில் பிரபாவின் பக்கம் வந்து, "என் வீட்டு விசேஷத்துல கடை விரிச்சுட்டல்ல?" என்று பல்லைக் கடித்தாள்.

"கடை உங்க தம்பி விரிச்சது மதினி. நான் கல்லாவுல ஒக்காந்தேன், அவ்வளவுதான்."

பந்தி முடிந்து காருக்கு வந்தார்கள். மத்தியான வெயில் இளஞ்சூடாக இருந்தது. பார்க்கிங்கில் ஜெயபால் சாவியைச் சுழற்றிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி சொன்னான்:

"ஆக மொத்தம் உனக்கு லாபம்தான். அறுவதுக்கு ஆர்டர் வந்துருச்சு. நான் பேசுனதாலதான்."

பிரபா காரில் ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முப்பதாயிரம் அனுப்புங்க."

"என்னது?"

"நூத்தம்பது குக்கீஸ், ஒண்ணு இருநூறு. நீங்க சொன்ன வெல. போனை எடுங்க."

"பைத்தியமா உனக்கு? பொண்டாட்டிகிட்டக் காசு குடுத்துச் சீர் வாங்கினேன்னு தெரிஞ்சா ஊரே சிரிக்கும்."

"குடுக்காம வாங்கினீங்கன்னு தெரிஞ்சா காறித் துப்பும். இன்னும் சம்பந்தி வீட்டாளுங்க கெளம்பல. உள்ள போயி சொல்லிட்டு வரட்டா? இல்ல நீங்க அனுப்புறீங்களா?"

அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். பக்கத்துக் காரில் சந்திரசேகர் ஏறிக்கொண்டிருந்தார். கையில் மைக் இல்லை, ஆனால் வாய் இருந்தது. ஜெயபால் குரலைத் தாழ்த்தினான்.

"இங்க பாரு, ஏதோ பேச்சுக்குச் சொன்னது. அந்த டீலையும் விட்டுரு, ஸ்கூலுக்கெல்லாம் நீ போக வேணாம். வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்."

"பேசுறதுக்கு ஒண்ணும் இல்ல. அனுப்புங்க."

அப்புறம் போனை எடுத்தான். திட்டிக்கொண்டே நம்பரைத் தட்டினான். பாதியில் நிறுத்தி, கடைசியாக ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். அவள் பார்த்தே இராத ஒரு பார்வை, கடைக்காரனிடம் கெஞ்சுகிற வாடிக்கைக்காரனுடையது.

"நூத்தி நாப்பது போட்டுக்கயேன். உன் பழைய ரேட்டுதான?"

"கொறைக்கிறதுல எனக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றாள் பிரபா. "உங்க சீருதான் கொறையும்."